ஒரே நாளில் பதினொரு அலர்ட்: ஃபார்முலாவுக்குத் தனிக்காசு கொடுக்கலாமா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். நானும் தம்பியும்தான் வேலை செய்கிறோம். கட்டி வெள்ளி எப்போது வாங்கலாம் என்று பார்க்க ஒரு சார்ட் சாஃப்ட்வேர் வாங்கினேன். 20 நாள் மூவிங் ஆவரேஜ் (கடைசி 20 நாள் முடிவு விலையின் சராசரி) 50 நாள் ஆவரேஜை மேல்நோக்கி வெட்டினால் போனில் அலர்ட் வரும் என்று சொல்லித்தான் விற்றார்கள். போன வாரம் ஒரே நாளில் பதினொரு முறை அடித்தது. கேட்டால், "அது சாதா ஃபார்முலா, சரியானது வேண்டுமென்றால் தனியாக 15,000 ரூபாய்" என்கிறார்கள். கொடுக்கலாமா ஐயா?

பதில்: கொடுக்காதீர்கள். நீங்கள் கேட்பது ஒரு வரி ஃபார்முலா. அதை நீங்களே எழுதிவிடலாம்.

முதலில் உங்கள் ஃபார்முலாவைத் திறந்து பாருங்கள். "20 ஆவரேஜ், 50 ஆவரேஜைவிடப் பெரியது" என்று மட்டும் இருந்தால் கோளாறு அங்கேதான். அப்படி எழுதினால், மேலே இருக்கும் வரை ஒவ்வொரு முறை விலை புதுப்பிக்கும்போதும் அலர்ட் அடிக்கும். வெட்டுவது என்றால் இரண்டு நாள் சங்கதி: நேற்று 20 ஆவரேஜ் கீழேயோ சமமாகவோ இருந்திருக்க வேண்டும், இன்று மேலே இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அலர்ட். அமிபுரோக்கர், மெட்டாஸ்டாக் என்ற சார்ட் சாஃப்ட்வேர்களில் இதற்கென்றே 'கிராஸ்' என்ற கட்டளை இருக்கிறது. டிரேடிங்வியூ என்ற சார்ட் தளத்தில் அதன் பெயர் 'கிராஸ்ஓவர்'.

இது பாதிதான். மீதி, நாள் முடியாத விலையில் இருக்கிறது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். கைக்கணக்குக்கு வசதியாக 3 நாள், 5 நாள் ஆவரேஜ் எடுத்துக்கொள்கிறேன். ஐந்து நாள் முடிவு விலை 94, 92, 91, 90, 91 என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 நாள் ஆவரேஜ் 90.67, 5 நாள் ஆவரேஜ் 91.6. 3 நாள் ஆவரேஜ் கீழே இருக்கிறது. ஆறாம் நாள் மதியம் விலை 93. அப்போது 91.33, 91.4. இன்னும் வெட்டவில்லை. விலை 94-ஐத் தொட்டதும் 91.67, 91.6. வெட்டிவிட்டது! திரும்ப 93-க்கு இறங்கினால் அந்த வெட்டு மறைந்துவிடும். ஒரே ஒரு ரூபாய் ஏறி இறங்குவதற்கு அலர்ட் மேல் அலர்ட். எம்சிஎக்ஸ் என்ற கமாடிட்டி (சரக்கு) சந்தையில் வெள்ளி காலை 9 மணியில் இருந்து இரவு 11.30 வரையாவது ஓடுவதால் அந்த ஒரு ரூபாய் ஆட்டத்துக்குப் பஞ்சமே இல்லை.

அதனால் அலர்ட் அமைப்பில் கேண்டில் (சார்ட்டில் ஒரு நாள் விலையைக் காட்டும் கட்டை) முடிந்த பிறகு மட்டும் அடிக்கச் சொல்லும் தேர்வைப் போடுங்கள். டிரேடிங்வியூவில் அது 'ஒன்ஸ் பெர் பார் க்ளோஸ்'. அப்படித் தேர்வே இல்லாத சாஃப்ட்வேர் என்றால், ஃபார்முலாவில் இன்றைய மதிப்புக்குப் பதில் நேற்றையதையும் முந்தாநாளையதையும் ஒப்பிடச் சொல்லுங்கள். அலர்ட் ஒரு நாள் பிந்தும். கட்டி வெள்ளி வாங்குகிற உங்களுக்கு அதனால் பெரிய நட்டமில்லை, பொய் அலர்ட்டை நம்பி வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

உங்களுக்கு நடந்தது இதில் எது? அன்றைய சார்ட்டில் இரண்டு கோடும் விலகியே நின்றிருந்தால் முதல் கோளாறு. ஒட்டி ஒட்டிப் பிரிந்திருந்தால் இரண்டாவது.

இன்னொன்றையும் பட்டறைக்காரர் என்பதால் சொல்ல வேண்டும். எம்சிஎக்ஸ் வெள்ளி கான்ட்ராக்ட் (குறிப்பிட்ட மாதத்தில் முடியும் முன்பேர ஒப்பந்தம்) ஆண்டுக்கு ஐந்து முறை மாறும்: மார்ச், மே, ஜூலை, செப்டம்பர், டிசம்பர். பழைய கான்ட்ராக்ட்டில் இருந்து புதியதுக்குத் தாவும் அன்று, கடைவீதியில் விலை அசையாமல் இருந்தாலும் சார்ட்டில் ஒரு பள்ளமோ மேடோ விழும். ஆவரேஜ் அதையும் சேர்த்துக் கணக்கிடும். அந்த வாரத்து அலர்ட்டை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் கடைவீதியில் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள். விலை ஒரே மட்டத்தில் கிடக்கும் மாதங்களில் எந்த ஃபார்முலாவும் தடுமாறத்தான் செய்யும். 15,000 ரூபாய் கொடுத்து வாங்கினாலும் அது மாறாது.

சரி, விற்றவர் விஷயத்துக்கு வருவோம். அலர்ட் வரும் என்று சொல்லித்தானே விற்றார்கள்? அதைச் சரிசெய்து தருவது அவர்கள் பொறுப்பு. பில், விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, கோளாறு என்ன என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். "வியாபாரத்துக்கு வாங்கியதுக்குச் சட்டம் பேசாது" என்று யாராவது சொன்னால் மலைத்துவிட வேண்டாம். வயிற்றுப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் அந்தத் தொழிலுக்கென்றே வாங்கிய பொருளுக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. நீங்களும் தம்பியும் உட்கார்ந்து உழைக்கிற பட்டறை என்பதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

அந்த 15,000 ரூபாய் ஃபார்முலாவோடு "லாபம் நிச்சயம்" என்ற பேச்சும் வந்ததா? வந்திருந்தால் அப்புறம் அந்தப் பக்கமே போக வேண்டாம். சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபியில் பதிவு பெற்ற ஆலோசகர்கூட லாபத்துக்கு உத்தரவாதம் தரக்கூடாது. 2015 செப்டம்பரில் இருந்து கமாடிட்டி சந்தையும் செபியின் கீழ்தான் இருக்கிறது.

புது ஃபார்முலாவைப் போட்டதும் பழைய சார்ட்டில் ஓட்டிப் பாருங்கள். கடைசி ஆறு மாதத்தில் எத்தனை முறை அடித்திருக்கும் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, அந்தத் தேதிகளில் நீங்கள் கட்டி வாங்கிய பில்லையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.