இந்தத் தலைமுறை மாணவர்களால் கல்லூரி அலுவலகம் எப்படி மாறியிருக்கிறது?

"இன்றைய மாணவர்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்து பேசத் தயங்குகிறார்கள், எல்லாவற்றையும் கைப்பேசியிலேயே முடித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். இதனால் கல்லூரிகளில் மாணவர்களுக்கான சேவைகள் வளர்ந்திருக்கின்றனவா, தேய்ந்திருக்கின்றனவா?" என்பது கேள்வி. தென்மாவட்டம் ஒன்றில், அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரியின் அலுவலகத்தில் 2001இல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, இப்போது கண்காணிப்பாளராக இருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து மட்டும் பதில் சொல்கிறேன். மாணவர்கள் நேரில் வராததை நானும் சில ஆண்டுகள் குறையாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். எங்கள் சன்னலுக்கு வரவேண்டியவர்களில் பலர் முன்பும் வந்ததே இல்லை என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அந்தச் சன்னலைப் பற்றிச் சொல்லவேண்டும். கம்பி போட்ட மரச் சன்னல் அது. கீழ்ப்பகுதியில் தாள் நீட்டும் அளவுக்கு ஒரு திறப்பு இருக்கும். மாணவர் குனிந்து அந்தத் திறப்பின் வழியாகத்தான் பேசவேண்டும். உள்ளே இருப்பவர் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே "என்ன?" என்பார். கல்விக்கடனுக்காக, இங்கே படிப்பதை உறுதிசெய்யும் ஒரு போனஃபைடு சான்றிதழ் வேண்டுமென்றால், வெள்ளைத்தாளில் 'மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு' என்று தொடங்கி விண்ணப்பம் எழுதி, வகுப்பாசிரியரிடம் ஒரு கையொப்பமும் துறைத்தலைவரிடம் ஒரு கையொப்பமும் வாங்கி, எங்களிடம் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து வந்து பெற்றுக்கொள்ளவேண்டும். துறைத்தலைவர் விடுப்பில் இருந்தால் அந்த இரண்டு நாள் நான்காகும். இதையெல்லாம் ஒழுங்கு என்றே நாங்கள் நம்பினோம். வீட்டில் யாராவது படித்தவர்கள் இருந்து, 'போய்க் கேள், கொடுக்கவில்லையென்றால் முதல்வரைப் பார்' என்று சொல்லி அனுப்பும் பிள்ளைகளுக்கு அந்த ஒழுங்கு பெரிய தடையாக இருந்ததில்லை. மற்றவர்கள் சன்னல்வரை வந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போயிருக்கிறார்கள்.

2020இல் பெருந்தொற்றால் கல்லூரி மூடப்பட்டபோது, வேறு வழியில்லாமல் சான்றிதழ் விண்ணப்பங்களைக் கூகுள் படிவத்துக்கு மாற்றினோம். கல்லூரி திறந்தபின் பழைய முறைக்குத் திரும்பிவிடலாம் என்பது எங்கள் எண்ணம். மாணவர்கள் திரும்பவில்லை. படிவத்தை மூடிய மறுநாளே "சார், லிங்க் வேலை செய்யவில்லை" என்று வகுப்புப் பிரதிநிதிகள் வரிசையாகச் செய்தி அனுப்பினார்கள். சரி, இருக்கட்டும் என்று மறுபடி திறந்தோம். அப்போது படிவத்தின் கடைசியில் 'வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?' என்று ஒரு கட்டத்தைச் சேர்த்தோம். யாரும் நிரப்பப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டுதான் சேர்த்தோம்.

முதல் வாரத்திலேயே தாவரவியல் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் அந்தக் கட்டத்தில் பதினைந்து வரிகள் எழுதியிருந்தார். அப்பா போன மாதம் இறந்துவிட்டார், வங்கியில் கல்விக்கடனுக்கு அவர்தான் உடன் கையெழுத்திட்டிருந்தார், இனி அம்மா பெயருக்கு மாற்ற என்ன தாள் வேண்டும் என்று தெரியவில்லை, விடுதி மெஸ் கட்டணத்தை மூன்று தவணையாகக் கட்ட முடியுமா, இதைக் கேட்கத்தான் இரண்டு முறை அலுவலகத்துக்கு வந்தேன், இரண்டு முறையும் பின்னால் நின்ற சீனியர்கள் முன்னால் பேச முடியாமல் திரும்பிவிட்டேன் என்று, ஒரு பிழையும் இல்லாமல் நல்ல தமிழில் எழுதியிருந்தார். அந்த இரண்டு நாளும் சன்னலுக்கு உள்ளே இருந்தது நான்தான். அவர் வந்ததும் எனக்குத் தெரியாது, போனதும் தெரியாது. அன்றிலிருந்து 'இந்தப் பிள்ளைகளுக்கு நேரில் பேசத் தெரியவில்லை' என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்வதில்லை.

உயர்கல்வி குறித்த அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி, 2021-22இல் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம், அதாவது 18 முதல் 23 வயதுள்ளோரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்ட உயர்கல்விச் சேர்க்கை, 47 விழுக்காடு; நாடு முழுவதற்குமான சராசரி 28.4. இந்த எண்ணை அரசியல் மேடைகளில் பெருமையாகச் சொல்கிறார்கள், சொல்லவும் வேண்டும். எங்கள் அலுவலகத்தில் இதன் பொருள் வேறு மாதிரியானது. கல்லூரி என்றால் என்ன, செமஸ்டர் என்றால் என்ன, டி.சி. எதற்கு, வருகைப்பதிவு குறைந்தால் கட்டும் கண்டோனேஷன் கட்டணம் எதற்கு என்று வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாத பிள்ளைகள் வகுப்பில் பாதிக்கும் மேல் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கைப்பேசிதான் அண்ணனும் அக்காவும். 2022 செப்டம்பர் 5இல் மாணவிகளுக்கான அரசின் புதுமைப்பெண் திட்டமும், 2024 ஆகஸ்ட் 9இல் ஆண் மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டமும் தொடங்கி, மாதம் 1,000 ரூபாய் மாணவரின் வங்கிக்கணக்குக்கே நேராகப் போக ஆரம்பித்தபின் இன்னொரு மாற்றம் வந்தது. தன் பெயரில் வரவேண்டிய பணம் இந்த மாதம் ஏன் வரவில்லை என்று அவர்கள் கேட்கிறார்கள். தயவாகக் கேட்பதில்லை, கணக்குக் கேட்கிறார்கள். முன்பு உதவித்தொகை எப்போது வந்தாலும் நன்றி சொல்லி வாங்கிப் போனவர்களைப் பார்த்துப் பழகிய எங்கள் சக ஊழியர்கள் சிலருக்கு அது திமிராகத் தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இந்தத் தலைமுறை எங்களைத் திருத்திய விஷயங்களில் நான் மிகவும் மதிப்பது சாதி தொடர்பானது. பல ஆண்டுகளாக, உதவித்தொகை விண்ணப்பம் வரும் மாதத்தில் அலுவலக உதவியாளர் வகுப்பறைக்குப் போய், "எஸ்.சி. மாணவர்கள் எல்லாம் எழுந்து ஆபீசுக்கு வாங்க" என்று எல்லோர் முன்னிலையிலும் கூப்பிடுவார். விடுபட்டவர்களின் பட்டியல், சாதிப்பிரிவு என்ற பத்தியோடு, அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். அதைச் செய்தவர்களுக்குத் தீய எண்ணம் ஏதும் இல்லை. வேலை சீக்கிரம் முடியவேண்டும் என்பது மட்டும்தான். ஆனால் எழுந்து நின்ற பிள்ளைகளின் முகத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அந்தப் பட்டியலை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்ட ஓராண்டில், முதலாமாண்டு மாணவர் ஒருவர் என் எண்ணுக்குத் தனியாக எழுதினார்: "சார், இந்தப் பட்டியலை எடுத்துவிடுங்கள். எனக்குப் பணம் வராவிட்டாலும் பரவாயில்லை." அன்று மாலையே நீக்கினோம். அடுத்த ஆண்டிலிருந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குறுஞ்செய்தி போகிறது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்று 2024 ஜூனில் அரசுக்குப் பரிந்துரைத்தபோது, அந்த மாணவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் கைப்பேசிக்குப் போனதால் எல்லாம் நன்றாகிவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. முன்பு நாங்கள் செய்த வேலையில் பெரும்பகுதியை இப்போது மாணவரின் தலையில் வைத்திருக்கிறோம். பட்டியலின மாணவர்களுக்கான உதவித்தொகையில் ஒன்றிய அரசின் பங்கு ஆதார் வழியாக மாணவரின் கணக்குக்குப் போகிறது. வங்கியில் கணக்கு இருந்தால் போதாது, அந்தக் கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருந்தாலும் போதாது. நேரடிப் பணப்பரிமாற்றத்துக்கென்று அது தனியாக இணைக்கப்பட்டிருக்கவேண்டும். ஒருவருக்கு இரண்டு கணக்கு இருந்தால், கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் பணம் போகும். பள்ளியில் படிக்கும்போது திறந்த கணக்கு ஒன்று, கல்லூரியில் சேர்ந்தபோது திறந்த கணக்கு ஒன்று என்று வைத்திருக்கும் மாணவர், எந்தக் கணக்கில் போய் எதைத் தேடுவார்? 'போர்ட்டலில் பார்த்துக்கொள்' என்று சொல்வது எங்களுக்கு ஒரு வரி, அவருக்கு ஒரு வாரம்.

ஒரு முறை ஒரு மாணவரை என் பக்கத்திலேயே உட்காரவைத்து விண்ணப்பத்தை முடித்துக்கொடுத்தேன். அவருடைய ஆதாரோடு இணைந்திருப்பது அப்பாவின் கைப்பேசி எண். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். வேலை நேரத்தில் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஓ.டி.பி. வந்து பத்து நிமிடத்தில் காலாவதியாகிவிடும். காலையிலிருந்து நான்கு முறை அனுப்பி நான்கு முறையும் வீணானது. கடைசியில் மதியம் சாப்பாட்டு இடைவேளைக்காகக் காத்திருந்து, ஒன்றரை மணிக்கு, "அப்பா, இப்ப ஒரு நம்பர் வரும், அதை அப்படியே சொல்லுப்பா, வேற யார் கேட்டாலும் சொல்லாத" என்று அவர் சொல்ல, அந்தப் பக்கம் ஓர் எழுத்தறிவில்லாத மனிதர் ஒவ்வோர் எண்ணாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஐந்தாவது எண்ணை ஒன்று என்று சொன்னாரா ஏழு என்று சொன்னாரா என்பதில் குழப்பம். ஏழு என்று போட்டோம், திறந்துகொண்டது. அந்த மாணவர் அன்றைய வகுப்புகள் அனைத்தையும் இழந்திருந்தார். இப்படிப்பட்ட வேலைக்காக இப்போது எங்கள் அலுவலகத்தில் ஒரு மேசை, ஒரு கணினி, இரண்டு நாற்காலி தனியாகப் போட்டிருக்கிறோம். சன்னல் வேலை குறைந்ததில் மிச்சமான ஊழியர் நேரம் முழுவதும் அந்த மேசைக்குத்தான் போகிறது.

குறை அவர்களிடமும் உண்டு. அறிவிப்பைக் கடைசிவரை படிப்பதில்லை. நான்காவது வரியில் இருக்கும் கடைசி நாளை விட்டுவிட்டு முதல் வரியை மட்டும் படித்துவிட்டு வந்து நிற்கிறார்கள். வங்கி மேலாளரிடம் தொலைபேசியில் பேசு என்றால் முகம் வெளிறிப்போகிறது. இதைக் கேலி செய்வதால் ஒரு பயனும் இல்லை. நான் ஒலிபெருக்கியில் போட்டு, முதல் தடவை நான் பேசுவேன், இரண்டாம் தடவை அவர் பேசுவார். பெரும்பாலும் மூன்றாம் தடவை தேவைப்படுவதில்லை.

மனநலம் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. முன்பு ஒரு மாணவர் தொடர்ந்து வராமல் போனால், வருகைப்பதிவு குறைந்து, ஹால் டிக்கெட் நிறுத்தப்பட்டு, டி.சி. கேட்டு அப்பா துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும்போதுதான் எங்களுக்கு விஷயம் தெரியும். இப்போது மாணவர்களே 'எனக்கு ஆங்ஸைட்டி இருக்கிறது, செய்முறைத் தேர்வன்று கை நடுங்குகிறது' என்று எழுதுகிறார்கள். ரீல்ஸ் பார்த்துப் பெரிய பெரிய வார்த்தைகளைப் பழகிக்கொண்டார்கள் என்று ஆசிரியர் அறையில் சலித்துக்கொள்பவர்கள் உண்டு. வார்த்தை சில நேரம் நோயைவிடப் பெரிதாக இருக்கலாம். ஆனால் வார்த்தையே இல்லாமல் படிப்பை விட்டுப்போன பிள்ளைகளின் டி.சி.யை என் கையால் எழுதியவன் நான். எனக்கு இந்தப் பெரிய வார்த்தைகள் உறுத்துவதில்லை.

கல்லூரியில் உளவியல் ஆலோசகர் ஒருவரை நியமித்தபோது, மரியாதையான இடம் வேண்டுமென்று முதல்வர் அறைக்குப் பக்கத்திலேயே அவருக்கு அறை கொடுத்தோம். ஒரு பருவம் முழுவதும் ஐந்தாறு பேருக்கு மேல் போகவில்லை. காரணத்தை ஒரு மாணவிதான் சொன்னார்: அந்த வராந்தாவில் நடந்தாலே, 'என்ன தப்பு பண்ணினாய்?' என்று கேட்கிறார்களாம். நூலகத்தின் பின்பக்கம், செய்தித்தாள் அறைக்கு அடுத்த அறைக்கு மாற்றினோம். பலகையில் பெயரும் நேரமும் மட்டும் எழுதினோம். அதன்பிறகு அவர் வரும் நாளில் இடமில்லாமல் மாணவர்கள் காத்திருக்கிறார்கள். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதிபெற்ற ஆலோசகர் அல்லது உளவியலாளர் அல்லது சமூகப்பணியாளர் ஒருவராவது இருக்கவேண்டும் என்றும், உதவி எண்களைப் பெரிய எழுத்தில் விடுதியிலும் வகுப்பறையிலும் எழுதி வைக்கவேண்டும் என்றும் வழிகாட்டுதல் வழங்கியது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எங்கள் விடுதியில் குளியலறைக்குப் போகும் வழியில் எழுதியிருக்கிறோம். தனியாக நின்று பார்க்க முடிகிற இடம் அதுதான் என்று விடுதி மாணவர்களே தேர்ந்தெடுத்தார்கள்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில், கேட்டு வந்தவருக்குக் கொடுக்கும் சேவை தேய்ந்திருக்கிறது, கேட்காதவரைத் தேடிப்போகும் சேவை வளர்ந்திருக்கிறது என்பதுதான். இரண்டாவதற்கு வேண்டிய ஆட்களும் நேரமும் இன்னும் எங்களுக்குக் கொடுக்கப்படவில்லை. மாலையில் ஜவுளிக்கடையிலும் உணவு விநியோகத்திலும் வேலை செய்யும் மாணவர்கள் எங்களுக்குச் செய்தி அனுப்பும் நேரம் இரவு பத்துக்கு மேல். அலுவலக நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. போன ஆண்டு இரவு பதினொன்றரைக்கு ஒரு செய்தி வந்தது: "சார், ஹால் டிக்கெட் எப்போது தருவீர்கள்?" ஹால் டிக்கெட்டை அவர் முந்தின நாளே வாங்கியிருந்தார், கையொப்பமிட்ட பதிவேடு என் மேசையில் இருக்கிறது. ஏதோ சரியில்லை என்று தோன்றியதால் உடனே அழைத்தேன். எடுக்கவில்லை. விடுதிக் காப்பாளரை எழுப்பி அறைக்குப் போய்ப் பார்க்கச் சொன்னேன். மாணவர் மொட்டைமாடிப் படியில் தனியாக அமர்ந்திருந்தார். காப்பாளர் அவரோடு விடியும்வரை பேசிக்கொண்டிருந்தார், காலையில் ஆலோசகரை வரவழைத்தோம், தேர்வும் எழுதினார். அதற்குப் பிறகு ஆசிரியர் இருவரும் அலுவலகத்தில் நாங்கள் இருவருமாக, வாரத்துக்கு ஒருவர் என்று முறைவைத்து, மாணவர்களின் செய்திகள் வரும் அலுவலகக் கைப்பேசியை இரவில் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறோம். எந்த அரசாணையிலும் இதற்கு இடமில்லை, படித்தொகையும் இல்லை. இந்த வாரம் என் முறை.