நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகளில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு: ஆய்வகம் மட்டும் போதுமா?

சுண்டெலி மூளையின் சினாப்ஸ்களை, அதாவது நரம்பணுக்கள் ஒன்றோடொன்று இணையும் இடங்களைப் பற்றிய ஆய்வில் முனைவர் பட்டம் முடிக்கப்போகும் நீங்கள், அடுத்து ஆட்டிசம் முதலான நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகளில் ஆய்வு செய்ய விரும்புவதாகவும், அதற்கு நேரே ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தால் போதுமா, பல துறையினர் சேர்ந்து நடத்தும் பயிற்சித் திட்டத்தைத் தேட வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் மூலக்கூறு உயிரியலிலிருந்து இத்துறைக்கு வந்தவள்தான். பெயர் எதுவாக இருந்தாலும், குழந்தைகளைப் பரிசோதிக்கும் அறையில் வாரத்துக்கு ஒரு நாளாவது உங்களை உட்கார வைக்கும் இடத்தையே தேர்ந்தெடுங்கள் என்பேன்.

காரணம் சொல்ல, அறிவுத்திறன் குறைபாட்டை உண்டாக்கும் மரபணு நோயான ஃப்ரஜைல் எக்ஸ் நோய்க்குறியின் கதை ஒன்றே போதும். அதற்குக் காரணமான எஃப்எம்ஆர்1 மரபணு 1991-இல் கண்டறியப்பட்டது. அது முடங்கும்போது எம்குளூஆர்5 என்னும் ஏற்பியின் (நரம்பணுவில் சமிக்ஞையை வாங்கும் புரதத்தின்) சமிக்ஞை கட்டுமீறிப் போகிறது என்ற கருத்து 2004-இல் முன்வைக்கப்பட்டது. அந்த ஏற்பியை அடக்கியபோது சுண்டெலிகளிடம் பல குறைகள் சீராயின. ஆனால், அதே வழியில் செயல்படும் மருந்தை வளரிளம் பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும் கொடுத்துப் பார்த்த சோதனைகள் எதிர்பார்த்த பலனைத் தராததால், நோவார்ட்டிஸ் நிறுவனம் 2014-இல் அம்முயற்சியை நிறுத்திக்கொண்டது. மருந்தே பயனற்றதா, கொடுத்த வயது பிந்திவிட்டதா, இல்லை, கவனிப்பவர்கள் நிரப்பும் வினாத்தாளில் அந்த முன்னேற்றம் பிடிபடவில்லையா என்று பிறகு விவாதித்தார்கள். பைப்பெட்டும் கையுமாக இருந்த ஆண்டுகளில் அந்த மூன்றாவது கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

அது எவ்வளவு பெரிய கேள்வி என்பது ஏடிஓஎஸ் எனப்படும் ஆட்டிசம் கண்டறியும் உற்றுநோக்கல் முறையில் பயிற்சி பெற்றபோதுதான் புரிந்தது. ஆய்வுக்காக அதைப் பயன்படுத்த வேண்டுமானால், நாம் இடும் மதிப்பெண்கள் தேர்ந்த மதிப்பீட்டாளர்களின் மதிப்பெண்களோடு 80 விழுக்காடாவது பொருந்த வேண்டும். சோப்புக் குமிழி விளையாட்டின் காணொளி ஒன்றில், குழந்தை குமிழிகளைப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தியது. மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ளப் பரிசோதகரின் முகத்தைப் பார்த்தது என்று மதிப்பெண் இட்டேன். பயிற்சியாளர் ஒன்றும் சொல்லாமல் காணொளியைப் பின்னுக்கு ஓட்டி நிறுத்தினார். குழந்தையின் பார்வை முகத்துக்குப் போகவே இல்லை. பரிசோதகரின் கையிலிருந்த குமிழித் துப்பாக்கியில் நின்றிருந்தது. மரபணுத் தரவோடு ஒப்பிடுவதற்காக நான் யோசனையில்லாமல் பதிவிறக்கி வைத்திருந்த எண்கள் எல்லாம், இப்படி யாரோ ஒருவர் கூர்ந்து பார்த்து இட்டவை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அடுத்தது காலம். ஆட்டிசம் உள்ள குழந்தையின் தம்பி தங்கைகளைப் பிறந்த சில மாதங்களிலிருந்து மூன்று வயது வரை பின்தொடரும் ஆய்வுகள், நோய் அறியப்படுவதற்கு முன்பே என்ன நடக்கிறது என்று காட்டுகின்றன. பிறரின் கண்களை நோக்கும் நேரம் இரண்டாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையே குறைந்துவருவதை 2013-இல் வெளியான ஆய்வு அப்படித்தான் கண்டது. உங்கள் பதவிக்காலமோ பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகள். புதிதாகக் குழந்தைகளைச் சேர்க்கத் தொடங்கினால் அவர்களுக்கு மூன்று வயது ஆவதற்குள் உங்கள் ஒப்பந்தம் முடிந்துவிடும். ஆகவே, ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்ட தொடராய்வு நடக்கும் இடத்தில் சேருங்கள். அதில் எந்தப் பகுதியை உங்களுடையதாக எடுத்துச் செல்லலாம் என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட்டு, பின்னர் கைவெறுமையாக வெளியேறியவர்களை நான் அறிவேன்.

நீங்கள் கேட்ட பயிற்சித் திட்டங்களைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் அவற்றுக்குத் தரும் டி32 வகைப் பயிற்சி நிதி பொதுவாக அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே உரியது. அது பொருந்தாவிட்டால், வழிகாட்டியின் சொந்த ஆய்வு நிதியில் சேர்ந்துகொண்டு, பயிற்சித் திட்டத்தின் கருத்தரங்குகளிலும் மருத்துவமனை அமர்வுகளிலும் கலந்துகொள்ள அனுமதி கேட்கலாம்.

நேர்காணலில் இன்னொன்றையும் கேளுங்கள்: பரிசோதனை முடிவைப் பெற்றோரிடம் சொல்லும் சந்திப்பில், அவர்கள் சம்மதித்தால், ஓரமாக உட்கார இடம் உண்டா? என் முதல் ஆண்டில் அப்படி ஒரு சந்திப்பில், அறிக்கை முழுவதையும் பொறுமையாகக் கேட்ட தாய் ஒருவர், "இவன் எப்போது பேசுவான்?" என்று மட்டும் கேட்டார். என் ஆய்வுத் திட்டத்தில் பேச்சு என்ற சொல்லே இல்லை. அன்று மாலையே வழிகாட்டியிடம் போய், குழந்தை முதல் சொற்களைப் பேசத் தொடங்கும் வயதை என் முதன்மை அளவீடாக மாற்றி எழுத அனுமதி வாங்கினேன்.