வைப்பர் தண்ணி டேங்க் ஒரே ராத்திரில பாதி காலி, வீட்டிலயே சரி பண்ண முடியுமா?

கோத்தகிரியில கார் வெச்சிருக்கற ஒருத்தர் கேட்டிருக்கார். முன் கண்ணாடி கழுவுற தண்ணி பாட்டில்ல ஃபுல்லா ஊத்தி வெச்சா காலையில பாதிதான் இருக்காம், வொர்க்‌ஷாப்ல பாட்டில் மோட்டார் டியூப் எல்லாத்தையும் மொத்தமா மாத்தணும்னு சொல்லிட்டாங்களாம், நாமளே பார்க்கலாமான்னு கேக்கறார்.

தாராளமா பார்க்கலாங்க. நான் குன்னூர்ல இருக்கேன், எங்க வீட்டு வண்டிக்கும் பக்கத்து வீட்டு வண்டிகளுக்கும் இந்த வேலையை நானே பண்ணிக் குடுத்திருக்கேன். பெரிய டூல்ஸ் எதுவும் வேணாம். ஆனா மொத்தமா மாத்தறதுக்கு முன்னாடி எப்ப ஒழுகுதுன்னு கவனிங்க, எங்க ஒழுகுதுன்னு பாதி அதுலயே தெரிஞ்சிடும்.

வண்டி சும்மா நிக்கும்போதே சொட்டினா பாட்டில் விரிசல், இல்லன்னா பாட்டில் அடியில மோட்டார் சொருகியிருக்கற ரப்பர். கண்ணாடிக்குத் தண்ணி அடிக்கற லீவரை இழுத்தா மட்டும் பானட் அடியிலயோ டேஷ்போர்டு பக்கமோ சொட்டினா டியூப் இல்லன்னா ஜாயின்ட். ஃபுல்லா ஊத்தினதும் கொஞ்சம் இறங்கி அப்புறம் அப்படியே நின்னுடுச்சுன்னா, தண்ணி எந்த மட்டத்துல நின்னுச்சோ ஓட்டை அந்த மட்டத்துல இருக்கு, நிறைய வண்டியில ஊத்துற கழுத்து தனி பீஸா சொருகியிருக்கும், அந்த ஜாயின்ட்டாத்தான் இருக்கும். பின்னாடி வைப்பர் இருக்கற வண்டியா இருந்தா உள்ள மேட்டைத் தூக்கி கார்பெட்டையும் தொட்டுப் பாருங்க, பின் கண்ணாடிக்குப் போற டியூப் வண்டிக்குள்ளயே ஓடுது, அது நடுவுல கழண்டா தண்ணி வெளிய தெரியவே தெரியாது, நாத்தம் வந்தப்புறம்தான் தெரியும்.

கண்டுபிடிக்க நான் பண்றது, தண்ணியில ரெண்டு சொட்டு துணிக்குப் போடற சொட்டு நீலம் கலந்து, முன் பக்கம் அடியில பழைய பேப்பர் விரிச்சு ராத்திரி விட்டுடுவேன். காலையில நீலம் எங்க பட்டிருக்கோ அதுக்கு நேர் மேல தேடினா போதும்.

இப்ப மலைக்காரங்களுக்கு மட்டும் உள்ள விஷயம். நம்ம ஊர்ல எந்த வீட்டு முன்னாடியும் சமதளம் கிடையாது, வண்டியை மேட்டைப் பார்த்தோ பள்ளத்தைப் பார்த்தோதான் நிறுத்தறோம். மேட்டைப் பார்த்து நிறுத்தினா பம்பர் பக்கம் இருக்கற பாட்டில் மேல தூக்கிக்கும், கண்ணாடிகிட்ட தண்ணி பீய்ச்சற நாசில் கீழ போயிடும், மோட்டார் நின்னாலும் அது வழியா தண்ணி போறதுக்குத் தடை இல்லாததால சைஃபன் மாதிரி தானா நாசில் வழியா வடிஞ்சுடும். லைன்ல, மோட்டார் வேகமா தள்ளினா மட்டும் திறக்கற, ஸ்பிரிங் வெச்ச சின்ன ஒன்வே வால்வு இருந்தா இது நடக்காது, சில வண்டியில வால்வு பழுதாயிருக்கும், சிலதுல கம்பெனியே குடுத்திருக்காது. அதனால முதல்ல ஒரு ராத்திரி வண்டியைத் திருப்பி நிறுத்திப் பாருங்க. அளவு அப்படியே இருந்தா எதையும் கழட்ட வேணாம், வால்வு ஒண்ணு வாங்கி டியூபை நடுவுல வெட்டி அம்புக்குறி நாசில் பக்கம் பார்க்கற மாதிரி சொருகுங்க, முடிஞ்சுது. என்னைக் கேட்டா உங்க கேஸ் இதுவாத்தான் இருக்கும், பாதி மட்டும் குறையுதுன்னு சொல்றீங்களே.

அடுத்தது பனி. டிசம்பர் ஜனவரியில ஊட்டியில தலைகுந்தா, காந்தல் பக்கமெல்லாம் புல்லு மேல உறைபனி வெள்ளையா படியுது இல்லையா, அந்த ராத்திரியில வெறும் தண்ணி ஊத்தியிருந்தா டியூப்லயும் மோட்டார்லயும் உறைஞ்சு போகும். தண்ணி ஐஸானா கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும், டியூப் ரெண்டா பிரியற டி ஜாயின்ட்டும், டியூப் சொருகற மோட்டார் மூக்கும் மெல்லிசு பிளாஸ்டிக், விரிஞ்சுடும். உறைஞ்ச காலையில லீவரைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்காதீங்க, மோட்டார் சுத்த முடியாம ஃபியூஸ் போகும். கண்ணாடி மேல பனி இருக்கேன்னு சுடுதண்ணி ஊத்தறதும் வேணவே வேணாம், கண்ணாடியே விரிசல் விடும்.

மூணாவது எலி. ராத்திரி இன்ஜின் சூடு தேடி ஏறிடும். எலி கடிச்ச டியூப்ல ரெண்டு பல் தடம் பக்கத்து பக்கத்துல இருக்கும், விளிம்பு சீவின மாதிரி இருக்கும், வெயில்ல காஞ்சு வெடிச்ச டியூப்ல இப்படி இருக்காது. கடிச்ச இடத்தை டேப் சுத்தாதீங்க, நிக்காது. அந்தத் துண்டை வெட்டிட்டு புது டியூப் போடுங்க. மீன் தொட்டி ஏர் டியூப் அவசரத்துக்கு நிறைய வண்டியில உக்காரும், ஆனா நம்ம குளிருக்கு கல்லு மாதிரி ஆயிடும், ஸ்பேர்ஸ் கடையில கறுப்பு ரப்பர் டியூபே வாங்குங்க, பழைய துண்டைக் கையில எடுத்துட்டுப் போனா அளவு தப்பாது. நுனியை ஒரு டம்ளர் சுடுதண்ணியில கொஞ்ச நேரம் முக்கி எடுத்தா இளகிடும், அப்ப தள்ளினா மூக்குல நல்லா ஏறி ஆறினதும் இறுகிப் பிடிச்சுக்கும்.

மோட்டார் ரப்பர்தான்னு தெரிஞ்சா வேலை இப்படி. தெருவுல சமமா ஒரு இடம் பார்த்து நிறுத்தி, கியர் போட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கல்லு வைங்க, இதை மட்டும் சோம்பல் படாம பண்ணுங்க. ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சா வீல் உள்பக்கம் மூடியிருக்கற பிளாஸ்டிக் லைனர் தெரியும், அதுல முன்பக்க கிளிப்புகளை மட்டும் நெம்பி எடுத்து லைனரை மடக்கினா பாட்டில் தெரியும். ஜாக் போட்டு அடியில மட்டும் போயிடாதீங்க.

மோட்டாருக்கு வர்ற வயர் கப்ளரைக் கழட்டுங்க, டியூபை உருவுங்க, மோட்டாரை பாட்டில்ல இருந்து மெதுவா ஆட்டி வெளிய இழுங்க, மிச்ச தண்ணி கொட்டும், அடியில பக்கெட் வைங்க. ஓட்டையில ரப்பர் வளையம் இருக்கும், அதை எடுத்து விரல்ல அமுக்கிப் பாருங்க. நல்ல ரப்பர் அமுக்கினா திரும்பி வரும், போன ரப்பர் அமுங்கின இடத்துலயே நிக்கும், உள் விளிம்புல மயிரிழை மாதிரி கீறல் ஓடும், போர் தண்ணி ஊத்தற வண்டின்னா அந்தக் கீறல் மேல வெள்ளையா உப்பு படிஞ்சு கோடு போட்டிருக்கும். அந்த ரப்பர்ல சின்ன சல்லடையும் இருக்கும், அதுல பாசி சேர்ந்து அடைச்சிருந்தா பிரஷ் போட்டு கழுவுங்க. புது ரப்பர் ரொம்ப சின்ன காசுதான். சோப்புத் தண்ணி தொட்டு சொருகுங்க, சிலிக்கான் எல்லாம் பூச வேணாம், பூசினா அடுத்த தடவை கழட்டும்போது கிழியும்.

பாட்டிலே விரிஞ்சிருந்தா எம்சீல் ஃபெவிக்விக் எல்லாம் வீண் வேலைங்க. பாட்டில் மேல பெரும்பாலும் பிஇ (பாலிஎத்திலீன்) அல்லது பிபி (பாலிப்ரொப்பிலீன்)னு போட்டிருக்கும், அந்த பிளாஸ்டிக்ல எந்தப் பசையும் சரியா ஒட்டாது, வண்டி குலுங்கினதும் பட்டையா பேந்துடும். சால்டரிங் அயர்ன் கையில இருந்து பழக்கமும் இருந்தா அதே வகை பிளாஸ்டிக் துண்டை உருக்கி ஒட்டலாம், அது நிக்கும். இல்லன்னா பாட்டில் மட்டும் மாத்துங்க, பழைய மோட்டார் சுத்தினா அதையே போடலாம், ரெண்டும் சேர்த்து மாத்த வேண்டிய அவசியமே இல்ல.

எல்லாம் மாட்டினப்புறம் லைனரை உடனே மூடாதீங்க. தண்ணி ஊத்தி, வீட்ல யாரையாவது உள்ள உக்கார வெச்சு லீவரை இழுக்கச் சொல்லிட்டு நீங்க ஒவ்வொரு ஜாயின்ட்டையும் விரலால தொட்டுப் பாருங்க, அப்புறம் ஒரு ராத்திரி மேட்டைப் பார்த்து நிறுத்தி பேப்பர் காஞ்சிருந்தா கிளிப் போடுங்க.

குளிர் மாசத்துல உறையாத வாஷர் ஃப்ளூயிட் கலந்து ஊத்துங்க. ரேடியேட்டர் கூலன்ட் மட்டும் ஊத்தவே ஊத்தாதீங்க, அது விஷம், கண்ணாடியில எண்ணெய் மாதிரி படிஞ்சு எதிர் வண்டி லைட்ல ஒண்ணுமே தெரியாது. குன்னூர் மலைப்பாதையில பர்லியார் தாண்டி காட்டேரி பக்கம் ஏறும்போது மூடுபனி, முன்னாடி லாரி தெறிக்கிற சேறு, அந்த நேரத்துல லீவரை இழுத்து தண்ணி வரலன்னா வைப்பர் சேத்தை இழுகி விட்டுடும், வளைவே தெரியாது. அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதினேன். வண்டியைத் திருப்பி நிறுத்திப் பார்த்துட்டு அளவு குறைஞ்சுதா இல்லையான்னு கமென்ட்ல சொல்லுங்க, எந்த மாடல்னும் சொன்னா பாட்டில் எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்றேன்.