குத்துச்சண்டை வீரரின் காலம் முடிந்துவிட்டதா என்பதை எதைப் பார்த்து அறிவது?

கல்லடியைச் சேர்ந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் அண்ணனுக்கு 34 வயது. பாடசாலைக் காலத்திலிருந்து குத்துச்சண்டையில் இருக்கிறார். கடைசி இரண்டு போட்டிகளையும் நடுவர் இடையில் நிறுத்தி எதிராளிக்கு வெற்றியைக் கொடுத்துவிட்டார். 'என் அடியின் பலம் குறையவில்லை, பயிற்சிதான் போதவில்லை' என்கிறார். அவர் சொல்வது சரியா, அல்லது அவருடைய காலம் முடிந்துவிட்டதா?"

அடியின் பலம் குறையவில்லை என்று உங்கள் அண்ணன் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால் அந்த உண்மையால் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்காது. ஒரு குத்துச்சண்டை வீரரை விட்டுக் கடைசியாகப் போவது அடியின் பலம்தான். அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜோர்ஜ் ஃபோர்மன் 1994இல், தம் 45ஆவது வயதில், பத்தாவது சுற்றில் மைக்கேல் மூரரை வீழ்த்தி உலகப் பட்டத்தை மீண்டும் வென்றபோது அவரிடம் வேகம் இருக்கவில்லை, பலம் இருந்தது. பையில் குத்தும்போதும் பயிற்றுநர் கையில் பிடிக்கும் பேட்டில் (அடி தாங்கும் திண்டில்) குத்தும்போதும் ஒருவர் இருபத்தைந்து வயதுக்காரரைப் போலவே தெரிவதற்கும் இதுவே காரணம், ஏனெனில் பையும் பேட்டும் திருப்பி அடிப்பதில்லை. ஆகவே அவர் எப்படி அடிக்கிறார் என்பதை விட்டுவிட்டு, எப்படி அடி வாங்குகிறார் என்பதைப் பாருங்கள்.

முதலில் தளர்வது கால்கள். முன்பு பக்கவாட்டில் விலகிச் சென்றவர் இப்போது நேராகப் பின்வாங்கிக் கயிற்றில் சாய்ந்து நிற்கிறாரா, திரும்பும்போது பாதங்கள் ஒன்றோடொன்று நெருங்கி நிலை தடுமாறுகிறாரா என்று கவனியுங்கள். அடுத்தது, கண்ணுக்கும் உடலுக்கும் இடையில் விழும் தாமதம். குத்து வருவதை அவர் பார்க்கிறார், ஆனால் தலை விலகுவதற்கு முன்பே அது வந்து சேர்ந்துவிடுகிறது. எதிராளியின் தவறை அவர் காண்கிறார், ஆனால் கை போய்ச் சேரும்போது எதிராளி அங்கே இல்லை. ஒரே வகையான குத்தை ஒரே சண்டையில் திரும்பத் திரும்ப வாங்குவதும், ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிக்காக இருவர் மோதிப் பார்ப்பதில், முன்பு தொடவே முடியாதிருந்த இளையவர்கள் இப்போது எளிதாகத் தொடுவதும், முன்னர் தலையை உதறிவிட்டு நின்ற அடிக்கு இப்போது முழங்கால் மடங்குவதும் இதே அடையாளத்தின் வேறு வடிவங்களே.

உடலின் வேகத்தையே தற்காப்பாகக் கொண்டவர்களுக்கு இந்த வீழ்ச்சி மெல்ல வருவதில்லை. அமெரிக்க வீரர் ரோய் ஜோன்ஸ் ஜூனியர் 2004 மே மாதம் வரை ஒரே ஒரு தடவைதான் தோற்றிருந்தார், அதுவும் தகுதிநீக்கத்தால். அந்த மாதத்தில் அன்டோனியோ டார்வர் அவரை இரண்டாவது சுற்றில் வீழ்த்தினார். அதே ஆண்டு செப்டெம்பரில் க்ளென் ஜோன்சனும் வீழ்த்தினார். அப்போது ரோய் ஜோன்ஸுக்கு வயது 35. உங்கள் அண்ணன் கைகளைத் தாழ்த்தி, கண்ணை நம்பி விளையாடும் வகையைச் சேர்ந்தவராயின் இதை நீங்கள் கூடுதலாக மனதில் கொள்ள வேண்டும்.

எனினும் இரண்டு தோல்விகளை மட்டும் வைத்து முடிவுகட்டுவது நியாயமாகாது. இரவு முழுவதும் கடற்றொழிலுக்குப் போய்விட்டோ அறுவடைக் காலத்தில் வயலில் நின்றுவிட்டோ மாலையில் பயிற்சிக்கு வருபவர், எந்த வயதிலும் மந்தமாகத்தான் இருப்பார். மட்டக்களப்பு வெயிலில் தண்ணீரைக் குறைத்து எடையை இறக்கிவிட்டு மேடை ஏறுபவருக்குக் கால் தளர்வது வியப்பல்ல. நீர் வற்றிய உடலோடு தலையில் அடி வாங்குவது ஆபத்தும்கூட. இத்தகைய காரணங்களை நீக்கிவிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அதற்கு நான் சொல்லும் வழி இது. முதலில், தலையில் அடிபடக்கூடிய எதுவும் இல்லாமல் மூன்று மாதங்கள் இருக்கட்டும். தலையில் விழுந்த அடியால் போட்டி நிறுத்தப்பட்டால் குறைந்தது 30 நாட்களும், மூன்று மாதங்களுக்குள் அது மறுபடி நிகழ்ந்தால் 90 நாட்களும் விலகியிருக்க வேண்டும் என்பது அமெச்சூர் (தொழில்முறை அல்லாத) குத்துச்சண்டையின் மருத்துவ நடைமுறை. ஸ்பாரிங்கும் அதில் அடங்கும். அந்த இடைவெளியில் உறக்கம், உணவு, ஓட்டம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தி, பின்னர் மருத்துவர் அனுமதித்தால் மட்டும், அளவான வேகத்தில் சில ஸ்பாரிங் சுற்றுகளைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். நான்கைந்து ஆண்டுகளுக்கு முந்திய பதிவு இருந்தால் அதையும் பக்கத்தில் வைத்து, ஒலி இல்லாமல், அவருடைய பயிற்றுநருடன் சேர்ந்து பாருங்கள். நன்றாக ஓய்வெடுத்து, எடையிலும் சிரமமில்லாத நிலையில் அதே தாமதம் தெரிந்தால், அது பயிற்சியால் சரியாகக்கூடியதல்ல.

ஆனால் பின்வரும் அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் இந்தச் சோதனைக்கே போகக்கூடாது: பேச்சு குழறுதல், சொன்னதையே மறந்து மீண்டும் சொல்லுதல், நாட்கணக்கில் நீடிக்கும் தலைவலி, கைநடுக்கம், முன்பு இல்லாத எரிச்சலும் கோபமும், குதிகாலும் விரல்நுனியும் தொடும்படி ஒரே கோட்டில் நடக்கும்போது தள்ளாடுதல். இவற்றை முதலில் காண்பவர்கள் வீட்டார்தான். இருந்தால் அன்றே நிறுத்திவிட்டு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். கண்ணில் மின்னல் தெரிவதும் திரை விழுவதும் விழித்திரை விலகலாக இருக்கக்கூடும், அதற்கு ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: சீ.டி. ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்பது தொடர்ந்து சண்டையிடுவதற்கான அனுமதி அல்ல. அது இரத்தக் கசிவைக் காட்டும். ஆண்டுக்கணக்கில் வாங்கிய அடிகளால் மூளையில் மெல்லச் சேரும் சிதைவைக் காட்டாது. முகமது அலி 1980இல் லரி ஹோம்ஸுடன் மோதுவதற்கு முன் செய்த பரிசோதனையில், ஒற்றைக் காலில் குதிப்பதிலும் விரலால் மூக்கைத் தொடுவதிலும் குறை காணப்பட்டது. இருந்தும் அவருக்கு அனுமதி கிடைத்தது. பத்துச் சுற்றுகள் அடி வாங்கிய பின்னரே அவருடைய தரப்பு சண்டையை நிறுத்தியது. நான்கு ஆண்டுகள் கழித்து அவருக்குப் பார்க்கின்சன் நோய்க்குறி இருப்பது கண்டறியப்பட்டது.

கடைசி முடிவை அண்ணனின் கையில் மட்டும் விடாதீர்கள். அடி வாங்கியவருக்குத் தம் தாமதம் தெரியாது, அதை அறிய வேண்டிய மூளைதான் அடிபட்டிருக்கிறது. தம்பியாகிய நீங்கள் சொன்னால் வீட்டுச் சண்டையாக முடியலாம். அவர் மதிக்கும் பயிற்றுநர் பதிவைக் காட்டிச் சொன்னால் கேட்பார். அப்போதே அவருக்கு ஒரு வேலையையும் கொடுக்கச் சொல்லுங்கள்: சிறுவர்களுக்குக் கால் நகர்வு கற்பிப்பது, பேட் பிடிப்பது, நடுவர் தேர்வுக்குத் தயாராவது. ஓட்டத்தையும் பைப் பயிற்சியையும் அவர் விட வேண்டிய தேவையே இல்லை.