கடாவைக் கழற்றச் சொல்வதற்கு முன்

லூதியானாவில் உங்கள் மேற்பார்வையில் உள்ள பட்டறையில், அமிர்தம் ஏற்ற (சமய தீட்சை பெற்ற) சீக்கிய இளைஞர் கடைசல் இயந்திரத்தில் நிற்கும்போதும் மணிக்கட்டில் அணிந்த கடா என்னும் வளையத்தைக் கழற்ற மறுக்கிறார். மற்றவர்கள் மோதிரத்தைக் கழற்றும்போது இவருக்கு மட்டும் என்ன தடை, இது பிடிவாதம்தானே என்று எழுதிக் கேட்டிருக்கிறீர்கள்.

மோதிரம் அணிகலன், கடா அப்படியன்று. 1699-ஆம் ஆண்டு வைசாகி நாளில் ஆனந்த்பூர் சாகிபில் குரு கோவிந்த் சிங் தோற்றுவித்த கால்சா என்னும் தீட்சை பெற்ற சீக்கியர் அமைப்பில் சேர்ந்தவர்கள் கேசம் (வெட்டாத முடி), கங்கா (சீப்பு), கடா, கச்சேரா (உள்ளாடை), கிர்பான் (குறுவாள்) ஆகிய ஐந்தையும் எப்போதும் உடலோடு வைத்திருக்கக் கடமைப்பட்டவர்கள். எளிய இரும்பாலோ எஃகாலோ ஆன அந்த வளையம் வேலை செய்யும் கையிலேயே கிடந்து, அந்தக் கை நேர்மையாக உழைக்கவும் தகாததைத் தொடாதிருக்கவும் நினைவூட்டுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். ஆகவே வேலை நேரத்துக்கு மட்டும் கழற்றச் சொல்வது, அது மிகவும் தேவைப்படும் நேரத்தில் பறிப்பதாகவே அவருக்குப் படும். (பிடிவாதம் என்று நீங்கள் எழுதிய சொல் சற்றுக் கடுமையானது.)

ஆயினும் சுழலும் இயந்திரத்தின் ஆபத்தும் உண்மையே. கடாவின் மேல் துணி சுற்றினால் அந்தத் துணியும் இயந்திரத்தில் சிக்கும். முதலில் அளவு சரிபார்த்தல், பொருத்துதல் போன்ற பணிக்கு அவரை மாற்றிவிட்டு, பிறர் இல்லாத நேரத்தில் அவரிடமே வழி கேளுங்கள். அருகிலுள்ள குருத்வாராவில் வேதநூல் ஓதும் கிரந்தியையும் கலந்துகொள்ளலாம்.