'டு' எங்கே வரும், எங்கே வராது?
ஆங்கிலம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அலுவலகக் கடிதத்தில் 'ஐ மேட் ஹிம் டு வெயிட்' என்று எழுதினேன். மேலதிகாரி 'டு'வை அடித்துவிட்டார். ஆனால் 'ஐ ஆஸ்க்ட் ஹிம் டு வெயிட்' சரியாம். இரண்டும் ஒரே அமைப்புதானே?

பதில்: அமைப்பு ஒன்றுதான். முதல் வினை வேறு. அது எதைக் கேட்கிறதோ அதைத்தான் கொடுக்க வேண்டும். வான்ட், ஆஸ்க், டெல், அலவ், ஃபோர்ஸ் போன்றவை, அடுத்து வரும் வினையை 'டு'வோடு கேட்கும். மேக், லெட், ஹேவ் மூன்றும் 'டு' இல்லாத மொட்டை வினையைக் கேட்கும்: 'ஐ மேட் ஹிம் வெயிட்', 'லெட் ஹெர் ஸ்பீக்', 'ஐ ஹேட் த எலெக்ட்ரீஷியன் செக் த வயரிங்'.

பொருளை வைத்து இதை ஊகிக்க முடியாது. அலவ், லெட் இரண்டுக்கும் 'அனுமதி' என்பதே பொருள். முன்னதற்கு 'டு' உண்டு, பின்னதற்கு இல்லை. ஃபோர்ஸ், மேக் ஜோடியும் அப்படித்தான். தமிழும் இந்த இடத்தில் கைகொடுக்காது. 'காத்திருக்கச் சொன்னேன்', 'காத்திருக்க வைத்தேன்', 'காத்திருக்க விட்டேன்' எல்லாவற்றிலும் 'காத்திருக்க' என்ற ஒரே எச்சம்தான். அதனால்தான் 'மேட் ஹிம் டு வெயிட்' நம் காதை உறுத்துவதில்லை. மூன்று சொல்தானே, மனப்பாடம் செய்துவிடுங்கள்.

'டு'வை விட்ட பிறகும் ஒரு பிழை காத்திருக்கிறது. மொட்டை வினைக்குக் காலம் கிடையாது, கடைசியில் 'எஸ்'ஸும் ஒட்டாது. 'ஷி மேட் ஹிம் வென்ட்', 'இட் மேக்ஸ் ஹெர் க்ரைஸ்' இரண்டும் தவறு. காலத்தையும் எஸ்ஸையும் முதல் வினையே சுமந்துவிட்டது. ஆகவே 'ஷி மேட் ஹிம் கோ', 'இட் மேக்ஸ் ஹெர் க்ரை'.

கேள்வி: அந்தப் பாடத்தை நினைவில் வைத்து 'ஹி வாஸ் மேட் வெயிட்' என்று எழுதினால் அதுவும் தவறு என்கிறார்களே?

பதில்: தவறுதான். செயப்பாட்டு வினைக்கு மாற்றினால் காணாமல் போன 'டு' திரும்பி வந்துவிடும்: 'ஹி வாஸ் மேட் டு வெயிட்'. மொட்டை வினையை ஏற்கும் சீ என்ற வினைக்கும் இதே கதைதான்: 'ஐ சா ஹிம் என்டர் த ரூம்', ஆனால் 'ஹி வாஸ் சீன் டு என்டர் த ரூம்'. லெட்டுக்கு இந்த மாற்றம் ஒத்துவராது. அங்கே 'ஹி வாஸ் அலவ்ட் டு கோ' என்று வினையையே மாற்றிவிடுங்கள். 'ஐ ஹேட் ஹிம் செக் இட்' போன்ற ஹேவ் வாக்கியத்துக்குச் செயப்பாட்டு வடிவமே இல்லை.

கேள்வி: 'ஐ சா ஹிம் கிராஸ் த ரோடு', 'ஐ சா ஹிம் கிராஸிங் த ரோடு'. இரண்டும் சரி என்கிறது இலக்கண நூல். அப்படியானால் எதை எழுதினால் என்ன?

பதில்: இரண்டும் சரி, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சீ, ஹியர், வாட்ச், ஃபீல், நோட்டிஸ் ஆகிய புலன் வினைகளுக்குப் பின்னால் மொட்டை வினை வந்தால், செயலை முழுதாகப் பார்த்தீர்கள் என்று பொருள்: அவர் இந்தப் பக்கம் இறங்கி அந்தப் பக்கம் ஏறிவிட்டார். 'இங்' வந்தால், பார்த்தபோது செயல் நடந்துகொண்டிருந்தது. கடந்து முடித்தாரா என்று வாக்கியம் சொல்லாது. தமிழில் 'கடந்ததைப் பார்த்தேன்', 'கடந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன்' என்று பிரிப்போமே, ஏறக்குறைய அதே பிரிவு. 'கடப்பதைப் பார்த்தேன்' என்று பொதுவாகச் சொல்லும் பழக்கமும் நமக்கு உண்டு. மொழிபெயர்க்கும்போது குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

வேறுபாடு உயிர்ப் பிரச்சினையாகும் இடமும் உண்டு. 'ஐ சா எ மேன் டிரவுனிங்' என்றால் ஆள் தத்தளிக்கிறார், ஓடிப்போய்க் காப்பாற்றலாம். 'ஐ சா எ மேன் டிரவுன்' என்றால் முடிந்துவிட்டது. ஆவணங்களிலும் கவனம் தேவை. பத்திரத்துக்குச் சாட்சி சொல்பவர் 'ஐ சா ஹிம் சைன்' என்றால் கையெழுத்து போட்டு முடித்ததைப் பார்த்திருக்கிறார். 'சைனிங்' என்றால், 'முழுக்கப் போட்டாரா?' என்ற கேள்விக்கு இடம் வைத்துவிட்டார்.

கண நேரத்தில் முடிகிற செயல்களில் கதை கொஞ்சம் மாறும். 'ஐ ஹெர்ட் ஹிம் காஃப்' என்றால் ஒரு இருமல். 'ஐ ஹெர்ட் ஹிம் காஃபிங்' என்றால் விடாத இருமல். கதவு ஒருமுறை அறைந்தால் 'ஸ்லாம்', காற்றில் அடித்துக்கொண்டே இருந்தால் 'ஸ்லாமிங்'. அடுத்தடுத்து நடந்தவற்றை வரிசையாகச் சொல்ல மொட்டை வினைதான் பொருந்தும்: 'ஐ சா ஹிம் லாக் த டோர், பாக்கெட் த கீ அண்ட் வாக் அவே'. இதில் 'இங்' போட்டால் மூன்றும் ஒரே நேரத்தில் நடப்பதுபோல் தோன்றும்.

தேர்வே இல்லாத இடங்களும் உண்டு. கேன், குட் சேர்ந்தால் 'இங்'தான் வழக்கம்: 'ஐ குட் ஹியர் ஹெர் சிங்கிங்'. கேட்ச், ஃபைண்ட், ஸ்மெல் மூன்றும் 'இங்' மட்டுமே ஏற்கும்: 'ஐ காட் ஹிம் ஸ்டீலிங்', 'ஐ கேன் ஸ்மெல் சம்திங் பர்னிங்'. நோ, பிலீவ் போன்றவை கண்ணுக்குத் தெரிகிற செயல்களே அல்ல. 'ஐ சா ஹிம் நோ த ஆன்சர்' என்று எழுத முடியாது. 'ஐ சா தட் ஹி நியூ த ஆன்சர்' என்று 'தட்' சேர்க்க வேண்டும். அங்கே 'சா' என்பதற்குப் 'புரிந்துகொண்டேன்' என்று பொருள்.

கேள்வி: முடி வெட்டிக்கொண்டேன் என்பதை 'ஐ கட் மை ஹேர்' என்றேன், சிரித்தார்கள். 'ஐ ஹேட் கட் மை ஹேர்' என்று மாற்றினேன், இன்னும் சிரித்தார்கள்.

பதில்: முதல் வாக்கியத்தில் கத்தரிக்கோல் உங்கள் கையில் இருக்கிறது. இரண்டாவதிலும் உங்கள் கையில்தான், ஆனால் அதற்கு முன்பே வெட்டிவிட்டீர்கள். அது பாஸ்ட் பெர்ஃபெக்ட். பிறர் வெட்டினார் என்றால் 'ஐ ஹேட் மை ஹேர் கட்'. சொல் வரிசைதான் எல்லாம்.

நடுவில் நிற்பது யார் என்று பாருங்கள். வேலையைச் செய்கிறவர் நின்றால் மொட்டை வினை: 'ஐ ஹேட் த மெக்கானிக் ரிப்பேர் த கார்'. வேலைக்கு உள்ளாகும் பொருள் நின்றால் வினையின் மூன்றாம் வடிவம்: 'ஐ ஹேட் த கார் ரிப்பேர்ட்'. புலன் வினைக்கும் இதே விதி. 'ஐ சா ஹிம் பீட் த டாக்' என்றால் அடித்தவர் அவர்; 'ஐ சா ஹிம் பீட்டன்' என்றால் அடி வாங்கியவர் அவர்.

கேள்வி: கெட், ஹெல்ப் எந்தக் கட்சி?

பதில்: கெட் எதிர்க்கட்சி, 'டு' கட்டாயம்: 'ஐ காட் ஹிம் டு சைன்'. பேசி, கெஞ்சி, ஒருவழியாகச் சம்மதிக்க வைத்த வாடை அதில் வீசும். மேக்கில் கட்டாயம் இருக்கிறது. ஹேவில் 'வேலையை ஒப்படைத்தேன், செய்தார்' என்பதற்கு மேல் எதுவும் இல்லை. ஆளை வைத்துச் சொல்லும் இந்த ஹேவ் அமெரிக்க வழக்கில் அதிகம். ஹெல்ப் கட்சி மாறி. 'ஹெல்ப் மீ லிஃப்ட் இட்', 'ஹெல்ப் மீ டு லிஃப்ட் இட்' இரண்டும் சரி.

கேள்வி: 1611ஆம் ஆண்டின் ஆங்கில பைபிளில், 23ஆம் சங்கீதத்தில் 'ஹி மேக்கெத் மீ டு லை டவுன்' என்று இருக்கிறதே?

பதில்: அந்தக் காலத்தில் மேக்குக்குப் பின்னால் இரண்டு வழக்கும் இருந்தன. பிறகு மொட்டை வினை நிலைத்தது. செயப்பாட்டில் மட்டும் 'டு' தங்கிவிட்டது. இன்று எழுதும் கடிதத்துக்கு அதைச் சான்றாகக் காட்டாதீர்கள்.

கேள்வி: 'ஐ லிசன்ட் டு ஹெர் சிங்' சரியா? புலன் வினையில் 'டு' வரக்கூடாது என்றீர்களே.

பதில்: சரி. அந்த 'டு' லிசனுக்குச் சொந்தம், சிங்குக்கு அல்ல. அது 'ஹெர்'ருக்கு முன்னால் நிற்பதைப் பாருங்கள். 'ஐ லிசன்ட் டு ஹெர் டு சிங்' என்று எழுதினால்தான் தவறு.