ரிமோட்டைக் கழற்றிப் பார்க்கும் பையனை என்ன படிக்க வைப்பது?

அம்மா, உங்கள் மகன் டிவி முன்னால் கையை வீசி வீடியோ கேம் விளையாடுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்த கேம் ரிமோட்டைக் கழற்றிப் போடுகிறானே என்று வருத்தப்பட்டு, அவனை என்ன படிக்க வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் நல்ல சேதியாகப் பட்டது. விளையாட்டுப் பித்து மட்டும் இருந்தால், உடல் அசைவை உணரும் இத்தகைய கேம் கருவிகளை உருவாக்கும் துறை சரிவராது. ‘என் கை அசைவது இதற்கு எப்படித் தெரிகிறது?’ என்று கேட்கிறவனுக்குச் சரிவரும்.

அந்தக் கேள்விக்குள் நிறைய இருக்கிறது. 2006-ல் வந்த நின்டெண்டோ வீ (Wii) என்ற வீடியோ கேம் கருவியின் ரிமோட்டில், முடுக்கத்தை அளக்கும் ஒரு சிப் (முடுக்கமானி) உண்டு. சிலிக்கானில் செதுக்கிய மிக நுண்ணிய பாகம் கை வீச்சில் இம்மியளவு நகர, அதை மின்சமிக்ஞையாக மாற்றும். ரிமோட்டின் முனையில் அகச்சிவப்புக் கேமரா. டிவியருகே வைக்கும் ‘சென்சார் பார்’ பெயரளவில்தான் சென்சார், உள்ளே இருப்பவை வெறும் அகச்சிவப்பு விளக்குகள்; ரிமோட்டின் கேமரா பார்ப்பது அவற்றைத்தான். மணிக்கட்டின் திருப்பம் சரியாகப் பிடிபடாததால் 2009-ல் சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப்பைத் துணைக்கருவியாகச் சேர்த்தார்கள். அடுத்த வருடம் வந்த மைக்ரோசாஃப்ட்டின் கினெக்ட் என்ற கேம் கருவிக்குக் கையில் எதுவுமே வேண்டாம். அறையெங்கும் அகச்சிவப்புப் புள்ளிகளைத் தூவி, எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற ஆழத்தைக் கணக்கிட்டது. தோள் எது, முழங்கை எது என்று பிரித்தறிய உதாரணங்களிலிருந்து கணினி தானே கற்கும் இயந்திரக் கற்றலைப் பயன்படுத்தினார்கள்.

‘இதெல்லாம் ஓய்ந்துபோன சாமான்தானே’ என்பீர்கள். உண்மைதான், கினெக்ட் தயாரிப்பு 2017-ல் நின்றுவிட்டது. ஆனால் அதன் ஆழ உணரியை உருவாக்கிய பிரைம்சென்ஸ் நிறுவனத்தை ஆப்பிள் 2013-லேயே வாங்கிவிட்டது. முடுக்கமானியும் கைரோஸ்கோப்பும் இன்று போனிலும் டிரோனிலும் இருக்கின்றன. அதனால்தான் ‘கேமிங்’ என்று பெயர் போட்ட குறுகிய படிப்பில் இப்போதே சேர்க்க வேண்டாம் என்கிறேன். மின்னணுவியல் அல்லது கணினி அறிவியல் பட்டம் முதலில். கேம் அப்புறம்.

கணக்கு கசக்கிறது என்கிறீர்களே, அதுதான் நிஜமான சிக்கல். வெக்டரும் அணியும் (matrix) நிகழ்தகவும் இல்லாமல் இதில் ஓரடி நகர முடியாது. டியூஷனுக்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். போனின் முடுக்கமானி தரும் எண்களைப் பதிவு செய்து, கை நகர்ந்த தூரத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள். இரண்டு முறை தொகையிட்டால் (integration) தூரம் வர வேண்டும். ஆனால் சில நொடிகளிலேயே பிழை பெருகி விடை எங்கோ போய்விடும். ஏன் என்று அவனே தோண்டட்டும்.

அதில் உட்கார்ந்துவிட்டான் என்றால் பொறியியல் பக்கம் தைரியமாக அனுப்பலாம். அலுத்துப்போய், கதையும் படமும்தான் இழுக்கிறது என்றால் அது வேறு வழி. அவன் வரைந்தவற்றை எடுத்து வாருங்கள், பார்த்துப் பேசுவோம்.